ஜெபக் குறிப்பில் எழுதிய விலாசம்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

போன வாரம் மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். பழைய பழக்கத்தில் கால் தானாகப் பெண்கள் வார்டுப் பக்கம் போய்விட்டது. அங்கே உங்களில் ஒருத்தி ஒரு கட்டிலின் முன்னால் நின்று, அதில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"எங்க சர்ச் ஜெப குரூப்ல போடறதுக்கு ஆன்ட்டி. பேரு, வியாதி எல்லாம் கரெக்டா இருந்தா பாரத்தோட ஜெபிப்பாங்க" என்றாள்.

நல்ல பெண். முகத்தில் துளி கள்ளம் இல்லை. அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் என்று இல்லை, ஒருத்தர் முன்னால்கூடப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். இப்போது இருக்கும் சிஸ்டர் பிழை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கட்டில் துடைப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் உங்களுக்கு இங்கே கற்றுத் தருவார்கள். அதை நான் எழுதவில்லை.

தாம்பரத்துப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் ஆயாவாக இருந்தேன். என் கையில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள், எத்தனையோ பேர் போனார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் ஒரு டீச்சர். பம்மல் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பெயரைக் கேட்காதீர்கள்.

அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் இல்லை. ஆறு வயதில் ஒரு மகள். அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மகளும் அதே பள்ளியில் படித்தாள். டீச்சர் பிள்ளை என்று பீஸ் வாங்காமல் சேர்த்திருந்தார்கள். டீச்சருக்கு இருமல் நிற்காமல் இருந்து, சோதித்துப் பார்த்ததில் டி.பி. என்று தெரிந்தது. வார்டில் சேர்த்த முதல் நாள், சளி துப்புகிற கிண்ணத்தை எடுக்கப் போனேன். அதை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"ஆயாம்மா, பள்ளிக்கூடத்துலயும் வீட்டுக்காரம்மாகிட்டயும் மஞ்சக் காமாலைன்னு சொல்லியிருக்கேன். இது வெளிய தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும். பாப்பா படிப்பும் போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

"நான் பேசறதே இல்லையேம்மா" என்றேன். அவர் சிரித்தார். அது சத்தியம் போலத்தான். நானும் அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

என்னோடு அதே வார்டில் காஞ்சனா என்று ஒருத்தி வேலை பார்த்தாள். காண்ட்ராக்டில் வந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கும் அனகாபுத்தூர்தான், டீச்சர் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. எனக்கு எவ்வளவு வாய் இல்லையோ அவ்வளவு வாய் அவளுக்கு. நான் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடினால், "எக்கா, சீக்கிரம் முடி, கொயம்பு ஆறுது. உங்க சாமி கோச்சிக்க மாட்டாரு" என்பாள். நோயாளிகள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் கோபம் வரும். இவளுக்கும் இரட்சிப்பு கிடைக்க வேண்டும் என்று அவளுக்காக ஜெபிப்பேன். என்னை எவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

எங்கள் சபை பொழிச்சலூரில். தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். மேலே விமானம் தாழப் போகும்போது பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயர். பாஸ்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். கேட்டது கிடைத்தவர்கள் பிறகு எழுந்து அதைச் சொல்வார்கள், அதுதான் சாட்சி. பதினெட்டு வருடத்தில் நான் சாட்சி சொன்னதே இல்லை. எங்கள் சபையில் அது ஒரு குறை. "இந்தச் சகோதரிக்கு ஆண்டவர் ஒண்ணுமே செய்யலையா?" என்று ஒரு அம்மா என் காதுபடவே கேட்டிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் டீச்சர் இரத்தமாகத் துப்பினார். நான் பிடித்த பேசின் பாதி நிறைந்தது. டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டார்கள், எப்படியோ நின்றது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, பாப்பா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் நேராக ஆலயத்துக்குப் போய்ச் சீட்டு எழுதினேன்.

சின்ன வயதில் எங்கள் வாத்தியார் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது ஒன்று சொல்வார்: விலாசம் முழுசாக இல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது. நான் படித்த ஐந்து வகுப்பில் நன்றாக ஞாபகம் நின்றது அது ஒன்றுதான். ஜெபமும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று டீச்சர் பெயர், என்ன வியாதி, எந்தப் பள்ளியில் வேலை, அனகாபுத்தூரில் எந்தத் தெரு எல்லாம் எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்க மெதுவாக எழுதினேன். பாஸ்டரம்மா அதை ஒரு எழுத்து விடாமல் மைக்கில் வாசித்தார். சபை அழுது ஜெபித்தது. வாக்கு மீறுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனிதர்களிடம் சொன்னால்தான் சொல்வது, இது ஆண்டவரிடம் கேட்பது என்று இருந்தேன். அந்த ஆலயத்தில் அன்று அறுபது மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் தேறினார். மருந்து வேலை செய்தது. இனி யாருக்கும் தொற்றாது, ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். இதை நான் பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் என் பெயரைச் சொல்லிச் சாட்சிக்கு அழைத்தார். மைக் முன்னால் போய் நின்றேன். அந்த டீச்சர் பிழைத்துவிட்டார், மறுபடியும் அதே பள்ளிக்குப் போகிறார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். சபை கை தட்டியது. வீடு வரைக்கும் தரையில் கால் படாமல் நடந்தேன். இனிமேல் நானும் உண்மையான கிறிஸ்தவள் என்று நினைத்துக்கொண்டேன். அதை மறைக்காமல் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்குகிற நாளில் டீச்சர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அழவில்லை. அப்போதிருந்த பெரிய சிஸ்டரிடம் நேராகப் போனார். பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையின் பாட்டி போய்க் கேட்டிருக்கிறார், மறுநாள் நாலைந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், இவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மகளையும் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

"இந்த வார்டைத் தவிர வெளிய ஒரு ஜீவனுக்குத் தெரியாது சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டுக் காஞ்சனாவைப் பார்த்தார். "பக்கத்துத் தெருவுல இருந்துகிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே. நீங்க நல்லா இருப்பீங்களா?"

சாட்சி சொன்ன அன்று எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் முகம் என் கண் முன்னால் வந்தது. பேரனை அந்தப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்கு வருவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் பேரனுக்காகப் பயந்தார். பயப்பட வேண்டிய செய்தியை அவர் கையில் கொடுத்தது நான்.

பெரிய சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். காஞ்சனாவிடம்தான் கேட்டார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"எனுக்கு வாய் நீளம்தான் சிஸ்டர், இல்லேன்னு சொல்லல. அதுக்கோசரம் ஊரு வாய்க்கு அவல் குடுக்கற ஆளு நான் இல்ல."

"அப்ப யாரு? ஆயாம்மாவா? அவங்க வாயில இருந்து நாலு வார்த்தை வாங்கறதே கஷ்டம். சர்ச்சு, வீடுன்னு இருக்கறவங்க." சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இருந்தாலும் கேக்கறேன். நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா ஆயாம்மா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

பெண்களே, அந்தத் தலையாட்டலுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பெரிய பொய் சொல்ல நிறையப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாயே திறக்க வேண்டாம். நான் இல்லை என்று காட்ட என் வெள்ளைச் சேலையும், கழுத்துச் சிலுவையும், பதினெட்டு வருட உபவாசமும் எனக்கு முன்னால் போய்ச் சாட்சி சொல்லிவிட்டன. காஞ்சனாவுக்காகப் பேச ஒன்றுமில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த நீள வாய்தான். அவள் என்னையே ஒரு முறை பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் நான் சும்மா இருந்தேன். காலையில் வார்டுக்குப் போனேன், கட்டில் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். காஞ்சனாவுக்கு வேறு வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கூச்சக்காரி, சிஸ்டர் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்றும் சொல்லிக்கொண்டேன். கூச்சம் ஒரு நல்ல குணம் என்று எல்லோரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் அது நல்ல குணமாக இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு இடமாக இருந்தது.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்றேன். யாரோ எழுதிப் போட்ட சீட்டைப் பாஸ்டரம்மா வாசித்தார். ஒரு பையனின் பெயர், அவன் தெரு, அவனுடைய குடிப் பழக்கம். எல்லோரும் "ஆண்டவரே" என்றார்கள். பாதியில் எழுந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "பத்து நாள் ஆச்சே ஆயாம்மா" என்று மட்டும் சொன்னார். காண்ட்ராக்டருக்குப் போன் பண்ணினார். காஞ்சனா இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள். என்னை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டார். அது நியாயம்.

அங்கிருந்து அனகாபுத்தூர் போனேன். காஞ்சனா வீட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா எக்கா. இன்னா, ஜெபம் பண்ண வந்துகிறியா?"

நின்றபடியே சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீன் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும். சிஸ்டரு ரூம்ல உன் கை நடுங்கிச்சே."

"அப்பவே நீ ஏன் சொல்லல காஞ்சனா?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அந்த மீன் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னிய வுடு. நாலு வூட்ல பாத்திரம் தேச்சி பொயச்சிக்குவேன். அந்த டீச்சர்கைல சொன்னியா?"

சொல்லவில்லை. டீச்சர் அதற்குள் வீட்டைக் காலி பண்ணியிருந்தார். மாடம்பாக்கத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாக மட்டும் காஞ்சனாவுக்குத் தெரிந்திருந்தது. நான் எழுந்து கிளம்பும்போது, "மைக்குல சொன்னத மைக்குலயே போய் சொல்லு எக்கா. ரகசியமா வந்து என் காதுல ஓதினா ஆச்சா?" என்றாள்.

போனேன். சாட்சி நேரத்தில் யாரும் அழைக்காமலே எழுந்து மைக் முன்னால் நின்றேன். ஒரு நோயாளியின் இரகசியத்தை நான் இங்கே விற்றுவிட்டேன், அதனால் இரண்டு பெண்களின் வேலை போய்விட்டது, இனி யாரும் அடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் விமானம் போயிற்று. அது போய் முடிவதற்குள் பாஸ்டரம்மா மைக்கை வாங்கிக்கொண்டார். "சகோதரி மனபாரத்தோட இருக்காங்க. இவங்களுக்காக ஜெபிப்போம்" என்றார். என் பெயரைச் சொல்லி எல்லோரும் ஜெபித்தார்கள். அடுத்த வாரமும் பெட்டி வாசலில் இருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் நானும் காஞ்சனாவும் மாடம்பாக்கத்தில் தேடினோம். பழைய சிவன் கோயிலைச் சுற்றி உள்ள தெருக்களில் வீடு வீடாக. யாரைத் தேடுகிறோம் என்று சொல்லலாம், எதற்கு என்று சொல்ல முடியாது. காஞ்சனா ஒவ்வொரு வாசலிலும், "டியூஷன் எடுக்கற டீச்சரு ஒருத்தங்க புச்சா வந்துகிறாங்களாமே" என்று கேட்டாள். என்னைப் பார்த்து, "பொய் சொல்றது பாவம்னா அந்தாண்ட திரும்பிக்க" என்றாள். நான் திரும்பவில்லை. தன்னைச் சபித்துவிட்டுப் போனவருக்காக அவள் வெயிலில் தெருத் தெருவாக நடந்தாள். கோயில் கோபுரத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தாள். உண்மையான கிறிஸ்தவள் எப்படி நடப்பாள் என்பதை அந்தத் தெருக்களில் அவளுக்குப் பின்னால் நடந்துதான் பார்த்தேன். அவளிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள்.

ஐந்து ஞாயிறு தேடியும் கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் டீச்சரே வந்தார். ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். மாத்திரை வாங்கப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, புது இடத்தில் ஒரு நாளும் வாங்கப் போகவில்லை. நாலு மாதம் மருந்து இல்லை. இனி பழைய மருந்து கேட்காது, புது மருந்தைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

அவரைப் பார்த்துக்கொள்ள என்னை விடுங்கள் என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டேன்.

"முதல்ல அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் நீங்க வேணும்னு சொன்னாங்கன்னா வாங்க."

கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். சீட்டு, விலாசம், மைக், தலையாட்டினது, எல்லாம். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். "காஞ்சனா அக்காவைச் சபிச்சுட்டேனே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் என்னைக் கூப்பிடவில்லை. வார்டு வாசலிலேயே நின்றேன். மூன்றாம் நாள் பகலில் என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். கொடுத்தேன், குடித்தார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. தாகமாகவும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு பதினோரு நாள் என் கையில்தான் சாப்பிட்டார். காஞ்சனா வந்து பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

கடைசி நாள் காலையில் அவர் தங்கை வந்து மகளைத் தன்னோடு ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். பிள்ளையைக் கிட்டே விடவில்லை, ஜன்னலுக்கு வெளியே நிறுத்திக் காட்டினார்கள். பிள்ளை கையை ஆட்டியது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையை இழுத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"பாப்பாவுக்காக ஜெபம் பண்ணுங்க ஆயாம்மா. பேரை மட்டும் எங்கயும் எழுதாதீங்க."

மத்தியானத்துக்கு முன்னால் போய்விட்டார். நானும் காஞ்சனாவும் குளிப்பாட்டினோம்.

படம் எடுத்த பெண்ணே, உன்னைக் குறை சொல்ல நான் யார்? நீ ஜெபம் பண்ணு. நிறையப் பண்ணு. ஆனால் அந்தப் படத்தை அழித்துவிடு. எந்தக் கட்டிலில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவருக்கு நம் சீட்டைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. வார்டில் நீ கேட்டது வார்டிலேயே இருக்கட்டும். ஆனால் உன் குற்றத்துக்கு உன் பக்கத்தில் நிற்பவளை யாராவது கேள்வி கேட்டால், அப்போது பேசு. கை நடுங்கினாலும் பேசு. பத்து நாள் கழித்து வேண்டாம். நான் இரண்டையும் மாற்றிச் செய்தவள்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் ஆலயத்துக்குப் போகிறேன். பெட்டி இன்னும் இருக்கிறது. என் முறை வரும்போது ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளை மடித்துப் போடுகிறேன். பாஸ்டரம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பார். யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள். எங்கே இருக்கிறாள், என்ன படிக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.